மாமா வாங்கிய வேகமான ரீல்

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உயரமான கட்டடங்களில் கம்பி வடத்தையும் பிரேக்கையும் இருபத்திரண்டு வருடமாகக் கட்டி மேய்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்குப் போய்விடுவார். சாதாரண ரீல் மாட்டிய தூண்டில், ஒரு மடக்கு நாற்காலி. கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் தூக்கம். அவருடைய கம்பெனியில் சுருள்முடிக்காரன் ஒருவன் வேலைக்குச் சேரும்வரை இப்படித்தான் நிம்மதியாக இருந்தார்.

அவனிடம் பெய்ட்காஸ்டிங் ரீல் இருந்தது. சாதாரண ரீலில் நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, மட்டும்தான் கழன்று ஓடும். இதில் நரம்பு சுற்றிய உருளையே சுழலும். கட்டைவிரலால் உருளையை லேசாகத் தொட்டுத் தொட்டு, தாழ்ந்த கிளைக்கு அடியில் நினைத்த இடத்தில், இரைக்குப் பதிலாகக் கட்டும் போலி மீனை இறக்கலாம். சுருள்முடி அப்படி இறக்கி, முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டிய நாளிலிருந்து மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் வயது என்ன, என் சர்வீஸ் என்ன என்று வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தானும் ஒன்று வாங்கப் புறப்பட்டார். அக்காவும் கூடப் போனாள். அவள் சீருடை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுபவள். பக்கத்துக் கடையில் ஊசி வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று ரீல்களை வைத்துவிட்டு, இந்த வகையில் எறிந்து பழக்கம் உண்டா என்று கேட்டார். மாமா உண்டு என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைக்காரருக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஒன்றை முன்னே தள்ளினார். உருளை தறிகெட்டு ஓடாமல் பிடிக்கும் காந்தப் பிரேக் உள்ளது, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை ஆறு சுற்று வரும், புதிதாகப் பழகுகிறவர்களும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் 'புதிதாக' மாமாவைச் சுட்டுவிட்டது. சுருள்முடி வைத்திருக்கும் ரீலை அடையாளம் சொல்லி, அதற்கு மேலே ஒரு படி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எட்டுச் சுற்று, ஊதினாலே சுழலும் உருளை, பேருக்கு ஒரு பிரேக்.

"இருபத்திரண்டு வருஷமா நான் பாக்காத பிரேக்கா?" என்று அதையே வாங்கினார்.

அடுத்த ஞாயிறு நானும் அக்காவும் கூட ஏரிக்குப் போயிருந்தோம். மாமா ஓங்கி எறிந்தார். போலி மீன் காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை நிற்காமல் சுழன்றது. நரம்பு பொங்கி, எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி ரீலை மூடிக்கொண்டது. போலி மீன் நாலு முழத்தில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அக்கா எழுந்து வந்து தூண்டிலை வாங்கிக்கொண்டாள்.

சிக்கல் எடுப்பது அவளுக்குத் தினப்படி வேலை. இழுக்காமல், வளையம் வளையமாகத் தளர்த்திக் கால் மணி நேரத்தில் பிரித்துவிட்டாள். பிறகு கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த குமிழைக் காட்டி இது எதற்கு என்று கேட்டாள். உருளையை இறுக்கவும் தளர்த்தவும் என்றார் மாமா.

"அப்போ பாபின் மாதிரிதான்," என்றாள்.

தையல் மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் டப்பாவை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் கடகடவென்று இறங்கக் கூடாது. அதற்கு ஒரு திருகு உண்டு. அதே கணக்கில் குமிழைத் திருகி, போலி மீன் மெல்ல இறங்கி மண்ணைத் தொட்டதும் உருளை நிற்கும்படி வைத்தாள். எறிந்தாள். முப்பது அடி தள்ளிச் சத்தமில்லாமல் விழுந்தது.

மாமா சிரித்தார். அந்த ஒரு வாரம்தான் சிரித்தார்.

மூன்றாம் வாரம் அக்கா நாணல் ஓரத்தில் பெரிய மீன் ஒன்றைக் கரையேற்றினாள். சுருள்முடியே ஓடி வந்து, "அண்ணி, கட்டைவிரலை எங்க வைக்கறீங்க?" என்று கேட்டான். மாமாவிடம் அவன் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்த பிறகு மாமா, அக்கா துணி மடிக்கும்போதும் டம்ளர் கழுவும்போதும் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வேலையிடத்து மொட்டைமாடியில் நரம்பு நுனியில் ஒரு நட்டைக் கட்டி ரகசியமாகப் பழகியும் பார்த்தார். யாருடைய டிஷ் ஆன்டெனாவோதான் மாட்டியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அக்கா பட்டறையில் இருந்தபோது, குமிழை முழுக்கத் தளர்த்தி வைத்தார். பின்னால் அவரே என்னிடம் சொன்னார். நாலு பேர் முன்னால் அவளுக்கும் ஒரு தடவை நரம்பு பொங்கட்டும் என்று தோன்றியதாம்.

மறுநாள் கரையில் கூட்டம். எறிவதற்கு முன் அக்கா வழக்கம்போலப் போலி மீனைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அது கல் மாதிரி விழுந்தது. உருளையைக் கட்டைவிரலால் அமுக்கி நிறுத்தினாள்.

"இதை யாரு தொட்டது?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார். "உனக்கு வருது. எனக்கு வரல. அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல."

"கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே," என்றாள் அக்கா. தூண்டிலை அவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசாத ஒரே வாரம் அதுதான்.

அந்த வாரக் கடைசியில் மாமா தனியாகக் கடைக்குப் போனார். எனக்கு எறியத் தெரியாது, போன தடவை பொய் சொன்னேன் என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை. எந்தக் கையால் எறிவீர்கள், எவ்வளவு எடையில் போலி மீன் கட்டுவீர்கள் என்று நிதானமாகக் கேட்டு, மெதுவாகச் சுற்றுகிற ஒன்றை எடுத்து, பிரேக்கை முழுக்க ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மாமா வேகமான ரீலைத் துடைத்து அக்காவின் தையல் பெட்டிமேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆறு ஞாயிறும், பட்டறையில் புதிதாக வருகிறவர்களை அதட்டுகிற அதே அதட்டலோடு அவருக்குக் கற்றுக்கொடுத்தாள்.

இப்போது மாமா சிக்கலில்லாமல் எறிகிறார். அக்கா போடுகிற தூரத்தில் பாதி வரும். போன வாரம் எத்தனை மீன் என்று போனில் கேட்டேன்.

"அவளுக்கு நாலு, எனக்கு ஒண்ணு," என்றார். "காத்து அவ பக்கம் அடிச்சுது."