நாத்தனாரும் ஒன்பது எழுத்துகளும்

என் கணவருக்குக் காலையில் காபி வேண்டும், பேப்பர் வேண்டும். பேப்பரில் செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கட்டம் வேண்டும். அதில் ஒன்பது ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். அவற்றை வைத்துச் சொற்கள் கண்டுபிடிக்க வேண்டும். நடுக்கட்டத்து எழுத்து எல்லாச் சொல்லிலும் இருந்தாக வேண்டும். ஒன்பதும் சேர்ந்து வரும் பெரிய சொல் ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கும். அது அகப்பட்ட காலைகளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாண போட்டோவில்கூட மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

அவருக்குப் போட்டி அடையாறில் இருக்கும் அவருடைய அக்கா. எனக்கு நாத்தனார். மயிலாப்பூரில் இவரும் அடையாறில் அவரும் ஒரே பேப்பரை விரித்துக்கொண்டு, கண்டுபிடித்த சொற்களை எல்லாம் வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்புவார்கள். பெரிய சொல்லை மட்டும் அனுப்பக் கூடாது. 'கெடச்சாச்சு' என்று போட்டால் போதும். மற்றவர் சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொள்வார். இடையிடையே அக்காவின் சீண்டல் வேறு வரும். "என்னடா, மூளைக்கு இன்னும் காபி போய்ச் சேரலையா?"

எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். தட்டில் குங்குமம், பூ, பழம், வெற்றிலை பாக்கோடு இரண்டு பேரும் போய், வாய் நிறையக் கூப்பிட வேண்டும். வடபழனியில் இவருடைய பழைய ஆபீஸ்காரர், சைதாப்பேட்டையில் என் ஒன்றுவிட்ட மாமா என்று வெயிலில் அலைந்தோம். முகம் மறந்துபோன மனிதர்கள் வீட்டில் எல்லாம் போண்டா சாப்பிட்டோம். அடையாறுக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"அக்காவுக்குப் பத்திரிகை வைக்கறதா? அவ என்ன வேத்து மனுஷியா? நம்மாத்து மனுஷிக்கு எதுக்கு தட்டும் பழமும்?" என்றார்.

"அவாளுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும்" என்றேன். நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது? ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே பத்திரிகைப் படத்தை அக்காவுக்கும் தட்டிவிட்டார். மேலே 'ஃபார்வர்டட்' என்ற முத்திரை வேறு.

அதோடு அக்காவின் பேச்சு நின்றது. போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆனால் விளையாட்டை மட்டும் விடவில்லை! காலையில் டாண் என்று சொற்கள் வந்து விழும். 'டா' இல்லை, சீண்டல் இல்லை. வெறும் சொற்கள். இவர் அவற்றை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பார். "இன்னிக்கு நெறைய அனுப்பியிருக்கா. கோபம் கொறஞ்சிருக்கும், இல்லையா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மணமேடையில் அத்தை நின்று ஆரத்தி எடுக்காமல் என் பெண்ணுக்கு ஒரு கல்யாணமா?

இவருக்கு ஒரு யோசனை உதித்தது. அக்காவை ஜெயிக்க விட்டால் மனசு குளிர்ந்துவிடுமாம். அன்றைய பெரிய சொல் 'எஜுகேஷன்'. காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் 'டென்', 'டின்', 'கோட்' என்று பாலர் வகுப்புச் சொற்களாக அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் போன் அடித்தது. அக்கா! இவர் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்டா, உனக்கு எஜுகேஷன் கெடைக்கலையா?"

"இல்லக்கா, இன்னிக்கு என்னமோ..."

"பொய் சொல்லாதே! எனக்கு விட்டுக்குடுக்கறியா நீ? இதுல மட்டும்தான் என்னோட சரிக்குச் சரியா நின்னுண்டிருந்தே. இதுலயும் என்னை ஒப்பேத்த ஆரம்பிச்சுட்டியா?"

போன் கட்டாகிவிட்டது. இவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. திட்டுகிறவர்களிடம் போய் நிற்கலாம், பேசாதவர்களிடம்தான் நிற்க முடியாது.

"எழுந்திருங்கோ. வேஷ்டியை மாத்துங்கோ" என்றேன். தட்டை எடுத்தேன். வழியில் மாடவீதியில் பூ வாங்கிக்கொண்டோம். ஆட்டோக்காரர் இவர் மடியில் இருந்த தட்டைப் பார்த்து, "கெட்டியா புடிச்சிக்கோ சார், ரோடெல்லாம் பள்ளமா கீது" என்றார். இவர் கோவில் பிரசாதம்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். எங்களையும் தட்டையும் பார்த்துவிட்டு, "அப்பாடா, வந்துட்டேளா!" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். கூடத்து மேஜைமேல் ஒரு தாம்பாளம் இருந்தது. தேங்காய், மஞ்சள், குங்குமம், எனக்கு ஒரு ரவிக்கைத் துணி, இவருக்கு ஒரு வேஷ்டி. பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலம். வெற்றிலை மட்டும் அப்போதுதான் பறித்ததுபோல் இருந்தது.

"பொண்ணுக்கு நிச்சயமான அன்னிக்கே எடுத்து வெச்சுட்டா. இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு தெனம் கார்த்தால வெத்தலையை மாத்திண்டிருக்கா" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே அக்கா வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார், வரவில்லை.

இவர் தட்டை நீட்டினார். 'குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்' என்று வீட்டுக்கு வீடு மனப்பாடமாக ஒப்பித்த மனிதர் இங்கே அதையெல்லாம் மறந்து, தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை, தோள் குலுங்கியது.

"எழுந்திருடா, அசடு. நீ கூப்பிடலைன்னா வராம இருந்திருப்பேனா?" என்றார் அக்கா. அவர் குரலும் உடைந்துவிட்டது. "வந்திருப்பேன். யாருக்கும் தெரியாம கடைசி வரிசையில உக்காந்து கொழந்தையைப் பாத்துட்டுப் போயிருப்பேன்."