பின்னோக்கி நடந்தவன்

பௌதிகம் கற்பித்தவன் நான். பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படியே எழுந்து போகலாம், வருத்தப்பட மாட்டேன். ஆனால் சேகர் விஷயத்தில் நான் செய்ததை எழுதாமல் சாக எனக்கு மனமில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. எங்கள் கல்லூரி மாணவர்கள் கலைவிழாவுக்காக ஒரு பாட்டு வீடியோ எடுக்கத் திட்டமிட்டார்கள். வெளிநாட்டு ராக் வீடியோ ஒன்றை சி.டி.யில் பார்த்துப் பார்த்துப் பித்துப்பிடித்திருந்தார்கள். அதில் பாடகன் நேராக நடந்து வருவான், அவனைச் சுற்றி உலகமே பின்னோக்கி ஓடும். பாடகனைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து ஓட்டினால் போதும் என்று விளக்கியவன் நான். திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டிய கருங்கல் வரிசையைக் காட்டி, இடம் சொன்னவனும் நான்தான். கரையிலிருந்து கடலை நோக்கிப் பின்பக்கமாக நடக்க வேண்டும். கல்வரிசையின் முனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதோடு நிற்கச் சொன்னேன்.

பாட வேண்டியவன் சேகர். காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மாவின் ஒரே மகன். ஒத்திகையன்று அந்த அம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"கடலுக்கு முதுகக் காட்டிகினு எவனாவது நடப்பானா? எங்க வூட்டு ஆம்பளைங்க கரையில வலை உதறுற நேரத்துலகூட ஒரு கண்ணு தண்ணி மேல வச்சிருப்பாங்க. வாத்தியாரே, படிச்ச மன்சன் நீ, நீயாவது சொல்லு."

அலைகளின் இடைவெளியைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன், பயப்படாதீர்கள் என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் கல்லூரிக் கணினியில் அந்த ஒத்திகையைப் பதிந்த டேப்பைக் கடைசியிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். காக்கைகள் வால் முன்னே போக, பின்பக்கமாகப் பறந்தன. நுரை கல்லிலிருந்து கடலுக்குள் இழுபட்டது. சேகர் நேராக நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கும் அப்பால், தண்ணீரிலிருந்து ஏறி இன்னொருவன் வந்தான். மஞ்சள் சட்டை. முகம் தெரியவில்லை.

"இன்னா சார் இது, என் பின்னாடி எவனோ வர்றான்?" என்றான் சேகர்.

"உனுக்கு இப்பவே ரசிகர் மன்றம் வச்சிட்டாங்க மாமு," என்றான் கேமரா பிடித்த பாபு.

பழைய டேப், முன்பு பதிந்தது அழியாமல் இருக்கிறது என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். படத்தில் மஞ்சள் சட்டைக்காரன் நேராக நடந்து வருகிறான் என்றால், நேற்று பட்டப்பகலில், எங்கள் கண்முன்னே ஒருவன் பின்பக்கமாக நடந்து கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே அப்படி யாரும் இல்லை.

படப்பிடிப்பன்று சேகர் மஞ்சள் சட்டையில் வந்தான்.

"அம்மா வண்ணாரப்பேட்டையில எட்த்துகினு வந்துச்சு சார். திட்டிகினேதான் வாங்கிச்சு," என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சார், வேணாம்னா இப்பவே சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. பௌதிக வாத்தியார் ஒரு சட்டையைப் பார்த்துப் பயந்தார் என்று கல்லூரி முழுக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புதான்.

"வெளிச்சம் போகிறது, நட," என்றேன்.

அவன் சுண்ணாம்புக் கோட்டை எட்டுவதற்குள், நான் அளந்த கணக்கில் இல்லாத ஓர் அலை வந்தது. மூன்றாம் நாள் எண்ணூர்ப் பக்கம் பிணமாகக் கரையொதுங்கினான். தேசம்மா என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒத்திகை டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் ஓட்டினேன், கடைசியிலிருந்து, முழுவதுமாக. மஞ்சள் சட்டைக்காரன் கல்வரிசை முழுவதையும் கடந்து கேமராவுக்கு அருகில் வந்து நிற்கிறான். சேகர்தான். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவன் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு இடப்புறம், ஒத்திகையன்று நான் வெயிலுக்குக் குடைபிடித்து நின்ற இடத்தைப் பார்க்கிறான். உதடுகள் அசைகின்றன, சத்தமில்லை. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவனைப் போல, படம் தீரும்வரை அங்கேயே நிற்கிறான்.