சோதனையில் கேட்ட பெயர்

மலாக்காவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு நிப்போங்கோ சோதனை வைத்தார்கள். நிப்போங்கோ என்றால் அவன் பாஷை. முதலில் எழுத்து, பிறகு எதிரே உட்கார வைத்து வாய்ப்பேச்சு. இரண்டிலும் தேறினால் வேலை நிலைக்கும், மாதா மாதம் ஆசிரியர் பங்கு அரிசி வீட்டுக்கு வரும். தேறாவிட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை. அதிலும் போனால் இடம் வேறு ஆளுக்கு.

நான் எழுத்தில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கினேன். வாய்ப்பேச்சில் பூஜ்யம்.

பலகையில் ஒட்டிய தாளைத் தலைமையாசிரியர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். "எழுத்துல நீதாம்மா எல்லாருக்கும் ஒசத்தி. வாயிலதான் முட்ட" என்றார். சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். எனக்கு அந்த முட்டை தொண்டையில் போய் நின்றுகொண்டது.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றேன். மற்றதெல்லாம் கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் தாளைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்துக்கொண்டது. அதனால் சிறு பிள்ளைகள் வகுப்புக்குத்தான் என்னைப் போட்டிருந்தார்கள். ஜப்பான் எழுத்தும் எனக்கு அப்படித்தான் வந்தது. அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதி, கிழங்கு வேகிற நேரத்தில் படித்தேன். ஆக, படிக்காமல் கோட்டை விட்டேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஜப்பான் அதிகாரி. பக்கத்தில் நம்ம ஆள் ஒருவர், மொழிபெயர்ப்புக்கு. உன் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார், சொன்னேன். எங்கே இருக்கிறாய்? காஜா பெராங். பிள்ளைகள் எத்தனை? ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. எல்லாம் தடையில்லாமல் வந்தது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அடுத்த கேள்வி, உன் கணவர் பெயர் என்ன?

கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாய் திறக்கவில்லை.

கட்டினவர் பெயரைப் பெண்டாட்டி தன் வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் அம்மா கடைசிவரை அப்பா பெயரைச் சொன்னதில்லை. அரிசிக் கார்டு பதியப் போனபோதுகூட, பக்கத்து வீட்டு அக்காதான் கூட வந்து, என் வீட்டுக்காரர் பெயரைக் குமாஸ்தாவிடம் சொன்னாள். சாதாரணக் காலமாக இருந்திருந்தால்கூட நான் தயங்கித்தான் இருப்பேன். அப்போது அவர் என் பக்கத்தில் இல்லை. சாலை போடும் வேலையில் இருந்தவரை, சயாமில் ரயில் பாதை வேலை, மூன்றே மாதம் என்று சொல்லி ஏற்றிப்போயிருந்தார்கள். "மூணு மாசம்தானே, பாப்பாவுக்குப் பல்லு விழறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வயசுப் பிள்ளைக்கு எப்போது பல் விழும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை. எங்கோ காட்டில் கிடக்கிற மனுஷனின் ஆயுசை ஒரு மேசையின் முன்னால் வைத்து நான் எப்படிக் குறைப்பேன்?

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர், "சொல்லிடும்மா, ஒரு பேர்தான" என்று மெல்லச் சொன்னார். சுற்றுமுற்றும் பார்த்தேன். வழக்கமாக யாராவது கேட்டால் சாமி படத்தைக் காட்டுவேன், அவர் பெயர் அதில் வந்துவிடும். அந்த அறையில் ஒரு கொடியும் ஒரு கடிகாரமும்தான் இருந்தன. அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. பாஷை தெரியாமல் மனப்பாடம் பண்ணி வந்து முழிக்கிறேன் என்று நினைத்து, பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

மொழிபெயர்த்தவர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "ஏம்மா, ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அவனுக்கு எங்க தெரியப்போவுது?"

"வேற ஆம்பள பேரையா அண்ணே?" என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சோதனையில் தோற்றவளைப் பார்த்துச் சனங்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்க எனக்கு அந்த வேதனையிலும் ஒரு ருசி. கூட வேலை பார்த்த ஒருத்தர், "விடு டீச்சர், அவன் பாஷ நாளைக்கு அவனோட கப்பலேறிடும்" என்றார். கிழங்கு விற்கிறவள், "அரிசிக்காகவாச்சும் படி, பாஷைக்காகப் படிக்காத" என்றாள். அது வீட்டுக்கு வந்தும் காதிலேயே கிடந்தது. ஏனென்றால் என் பிள்ளைக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி மேலே வர வெகு நேரம் ஆகும். கார்டுக்குக் கொடுக்கிற அரிசி நாலு நாளைக்குத்தான் வரும், மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று வந்தது அது. அரிசி இருந்தால் தேறும் என்றார்கள். அரிசிக்கு அந்தச் சோதனை வேண்டும், அந்தச் சோதனைக்கு அவர் பெயர் வேண்டும்.

மூன்று மாதம் இருந்தது. வேறு பாடமெல்லாம் எனக்குத் தெரியும். படிக்க வேண்டியது ஒரே ஒரு சொல்.

முதலில் எழுதிப் பார்த்தேன். எழுதுவது சொல்வது ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஜப்பான் எழுத்தில் அவர் பெயரைச் சிலேட்டில் எழுதினேன். எழுதி முடித்தபிறகுதான் அழிக்க வேண்டுமே என்று உறைத்தது. என் கையால் அவர் பெயரை எப்படி அழிப்பேன்? சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அந்த அக்கா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட சனம். எங்களைப் போலவே அம்மனைக் கும்பிடுகிறவள், ஆனால் பேச்சு முழுக்க மலாய். அக்கா, தங்கச்சி, அப்பா மாதிரி நாலைந்து தமிழ்ச் சொல்தான் அவளிடம் உண்டு. நான் அக்கா என்பேன், அவள் தங்கச்சி என்பாள், மற்றதெல்லாம் மலாயில் ஓடும்.

"இதை அழிச்சுக் குடு அக்கா."

"உனக்குக் கை இல்லையா தங்கச்சி?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிலேட்டை வாங்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரோங் முனையால் பட்டென்று துடைத்தாள். துடைத்துவிட்டு, "நானும்தான் என் ஆள் பேரை நாளைக்கு நூறு தடவை கத்துறேன். எருமை மாதிரி இருக்கான் பாரு" என்று சொல்லி, கொல்லைப் பக்கம் திரும்பிப் புருஷன் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினாள். அவர் என்னவோ ஏதோ என்று மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, உயிரோடு இருக்கியான்னு பார்த்தேன்" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தேன். என் வீட்டுக்காரரை ஏற்றிப்போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னைத் தேற்றுவதே அவளுக்கு வேலை ஆகிவிட்டது. தன் வீட்டுச் சேவலுக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைத்து, "கூப்பிடு, சேவலைத்தானே கூப்பிடறே" என்பாள். அந்தச் சேவலைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைக் குனிந்து சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து உதட்டுக்கு வரும், அதற்கு மேல் நகராது. தண்ணீரில் என் முகம்தான் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜப்பான்காரன் வாயில் நம் பெயர்கள் முழுசாக வராது, உடைந்துதான் வரும். அந்த மாதிரி உடைத்துச் சொன்னால் அது அவர் பெயர் ஆகாது. அவர் ஆயுசுக்கும் கேடில்லை, என் பிள்ளைக்கும் அரிசி வரும். இதைக் கேட்டு அக்கா, "கடவுளை ஏமாத்துறியா, ஜப்பான்காரனை ஏமாத்துறியா?" என்றாள்.

"ரெண்டு பேரையும்தான்" என்றேன்.

இரண்டாவது சோதனைக்கும் அதே அதிகாரிதான். என்னை ஞாபகம் இருந்ததோ என்னவோ. பெயர், ஊர், பிள்ளை, பள்ளிக்கூடம், இன்றைக்கு மழை வருமா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேனாவை மூடினார். அந்தக் கேள்வி இல்லை, தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போது தாளைத் திரும்பப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"கணவர் பெயர்?"

உடைத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உடையவில்லை. முழுப் பெயரும், அவருடைய அம்மா கூப்பிடுகிற மாதிரி, நல்ல தமிழில், சத்தமாக வந்துவிட்டது. அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. மொழிபெயர்ப்பவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கே இருக்கிறார்?"

"சயாம்."

அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

தேறிவிட்டேன். அந்த மாதமே அரிசி வந்தது. பழைய அரிசி, சுண்ணாம்பு நாற்றம், நாலு தடவை கழுவினாலும் போகாது. பாப்பா கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நக்கினாள். நாளாக நாளாகக் கால் வற்றியது. பார்க்கிறவர்கள் எல்லாம் "டீச்சர் பாஸாயிட்டாங்க" என்றார்கள். நான் மட்டும் கஞ்சி வைக்கும்போதெல்லாம் சயாம் எந்தத் திசை என்று தெரியாமல் வாசலைப் பார்த்து நிற்பேன்.

அவரோடு ஒரே கூட்டத்தில் போனவர் ஒருத்தர், காலில் புண்ணோடு திரும்பி வந்தார். பழுது ஆள் என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்றார். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"காய்ச்சல்மா. வாந்தி பேதி. ரெண்டு நாள்தான். கஷ்டப்படல."

"எப்பண்ணே?"

"மழ காலத்துல."

"எந்த மாசம்? எந்தக் கெழம?"

"அங்க ஏதும்மா மாசம், கெழம? விடிஞ்சா வேல, இருட்டுனா படுக்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. மழ விடறதுக்கு முந்தியா, விட்டப்புறமா?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எதற்காக இந்தப் பெண் நாளைக் கேட்டுக் குடைகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சோதனையில் நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் ஒரு மழை நாள்தான். அதற்கு முந்தியே அவர் போயிருந்தால், அன்றைக்கு நான் செத்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிந்தி என்றால்? அதை இன்றைக்கு வரை முழுசாக நினைத்து முடித்ததில்லை.

அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவள் என் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "பேர் சொன்னா ஆள் சாவான்னா, நாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ஜப்பான்காரன் பேரையெல்லாம் காலையிலிருந்து சொல்லியிருக்க மாட்டோமா, தங்கச்சி?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அப்புறம் பல நாள், கொல்லையில் அவள் புருஷனைக் கூப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அரிசிக் கார்டிலிருந்து என் வீட்டுக்காரர் பெயரை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வழக்கம் போல அக்கா கூட வந்தாள். குமாஸ்தா தமிழர், பழைய ஆள்தான். "வீட்டுக்காரர் பேரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவராகவே அக்கா பக்கம் திரும்பினார். அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பெயரைச் சொன்னேன்.

குமாஸ்தா பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "எப்பவும் இவங்கதானம்மா சொல்வாங்க?"

"இனிமே எனக்கென்னங்க பயம்" என்றேன்.

அவர் குனிந்து, அந்த வரியின் மேல் கோடு போட்டார்.