சாய்ந்த முளையும் நெய்வேலிச் சரிவும்

காலை 6.50. பண்ருட்டி பேருந்து நிலையத்தில் பலாப்பழக் குவியல்களைச் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஏற முடிந்தது. நெய்வேலி ஆர்ச் கேட் வரை சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். உடன் வந்தவர் ஸ்டெல்லா. நெல்லிக்குப்பத்துக்காரர், சென்னையில் கணிதப் பேராசிரியர்.

“டீச்சருங்களா மேடம்?” என்றார் நடத்துநர்.

“ஆமாங்க. பாறை எப்ப ஒடையும்னு கணக்குப் போடறேன்.”

“எங்க தெருவுல ரோடு எப்பப் போடுவாங்கன்னும் போட்டுப் பாருங்களேன்.”

நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “முடியாதுங்க. அதை உண்டாக்குற பிளவு பல கிலோமீட்டர் ஆழத்துல இருக்கு, போய் அளக்க முடியாது. நெய்வேலி மைன்ஸ்ல வெடிப்பு கண்ணெதிர்ல இருக்கு” என்றார். இதுவரை கணினியிலும் ஆய்வகக் கற்களிலும் மட்டுமே பார்த்த கணக்கு இது. நிலத்தில் இதுவே முதல் சோதனை. பொய்த்தால் இன்னொரு சுரங்கம் அவருக்குக் கதவு திறக்காது.

8.40. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஜீப்பில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினோம். சுரங்கத்தின் பக்கவாட்டுச் சுவர் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ‘பெஞ்ச்’ என்று பெயர். மேல் பெஞ்சில் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்கு நேர் கீழே மண்ணை வாரிக்கொண்டிருந்தது பல மாடி உயர பக்கெட் வீல் இயந்திரம்.

வெடிப்பின் இருபுறமும் இரும்பு முளைகள், இரண்டு ஜோடி. ஷிப்ட் மாறும்போதெல்லாம் முளைகளின் தலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கிறார்கள். ஸ்டெல்லா பார்ப்பது, ஒரு மில்லிமீட்டர் விரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. அந்த நேரம் குறைந்துகொண்டே வரும். அதைக் கோடாக நீட்டினால் எந்த நேரத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறதோ, அந்த நேரத்தில் மண் சரியும்.

9.15. ஷிப்ட் பொறுப்பாளர் ராகவன் சிரித்தபடி வந்தார். “மேடம், காலையில எடுத்த ரீடிங்ல மூணு சென்டிமீட்டர் கம்மி. வெடிப்பு மூடிக்குது! மெஷின் பாட்டுக்கு ஓடட்டும்.”

“மண்ணு பின்னால போகாது சார்” என்றார் ஸ்டெல்லா. நேராக முதல் ஜோடியிடம் நடந்தார். பள்ளத்துப் பக்க முளை நட்டுக்குத்தலாக நின்றது. புதுச் சிவப்புப் பெயின்ட். அடியில் ஈரம் காயாத மண். பெஞ்சின் ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு.

ஒப்பந்தத் தொழிலாளி தங்கராசு பெயின்ட் டப்பாவுடன் நின்றுகொண்டிருந்தார். “பேப்பர்காரங்க வராங்கன்னு சொன்னாங்க மேடம். அது பள்ளத்துப் பக்கமா சாஞ்சிகினு அசிங்கமா இருந்துச்சி. நிமித்தி அடிச்சேன்.”

பேப்பர்காரன் நான்தான். முளையின் தலை உள்ளே வந்ததும் தூரம் குறைந்துவிட்டது, வெடிப்பு மூடவில்லை.

“இன்னொரு ஜோடி?”

“அது முள்ளுச் செடிக்குள்ள கெடக்குது. யாரு கண்ணுல படப்போவுதுன்னு வுட்டுட்டேன்.”

“நல்ல வேளை, நீங்க சோம்பேறி” என்று சிரித்தார் ஸ்டெல்லா. வெடிப்பைத் தாண்டாமல், நீளக் கம்பியின் நுனியில் நாடாவை மாட்டி, இரண்டாவது ஜோடியை அளந்தார். பிறகு மடிக்கணினியில் புள்ளிகள் ஏறின. கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தது.

“இன்னிக்கு ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல.”

ராகவனின் சிரிப்பு நின்றது. அந்த இயந்திரம் ஊர்ந்து வெளியேறவே மூன்று மணி நேரமாகும். கணக்குத் தப்பினால் வீணான உற்பத்திக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கணக்கைத் தள்ளினால், கீழே ஒரு ஷிப்ட் ஆட்கள். வாக்கி டாக்கியை எடுத்தார். “பக்கெட் வீலை நிறுத்து. வெளிய எடு. ஆளுங்க எல்லாரும் மேல.”

பிற்பகல் 2.00. வழியின் குறுக்கே கயிறு கட்டி, இரண்டாவது ஷிப்ட் ஆட்களை மேலேயே நிறுத்தினார்கள். 2.40. ஒன்றும் நடக்கவில்லை. “உங்க கோடு டீ குடிக்கப் போயிடுச்சா மேடம்?” என்று ராகவன் கேட்டார், குரலில் கிண்டல் பாதி, பயம் பாதி. ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

3.10. முதலில் சுண்ணாம்புக் கோடு உடைந்தது. பிறகு பெஞ்சின் முகமே கழன்று, காலையில் இயந்திரம் நின்ற இடத்தில் செம்மண் மலையாகக் குவிந்தது. புழுதி அடங்கியது. அப்புறம் ஒரு விசில். ஆட்கள் தலைக்கவசங்களைக் கழற்றி ஆட்டினார்கள். ராகவன், “மேடம், மேடம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டெல்லா ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்தார்.

மறுநாள் காலை கிளம்பும் முன் மீண்டும் சென்றோம். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பத்திரிகை அலுவலகத்திலும் சாய்ந்ததையெல்லாம் நிமிர்த்தித்தான் வைப்போம். இங்கே, அடுத்த பெஞ்சில் தங்கராசு பத்து ஜோடி முளைகளை அடித்து முடித்திருந்தார். ஒன்று அடியில் கல் தட்டிக் கொஞ்சம் கோணலாக நின்றது. ராகவனின் கை பழக்கத்தில் அதை நோக்கிப் போனது.

“சார்!” என்று அதட்டினார் தங்கராசு. “கைய எடுங்க. ரீடிங் எடுத்தாச்சி.”

ராகவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.