ரிலீவர் ரத்தம்

எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் ஒருவன் பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் இன்னொருவன் வந்து அவன் இடத்தில் நிற்க வேண்டும். லைனை நிறுத்த முடியாது. அப்படி வந்து நிற்கிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். ஒரகடம் பக்கத்தில் இந்த வார்த்தை கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்து ரொம்ப நாளாகிறது. கல்யாணத்துக்குப் போக முடியாதவன் தம்பியை ரிலீவராக அனுப்புவான். ரேஷன் கடை வரிசையில் செருப்பு ரிலீவராக நிற்கும். கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் ரத்தத்துக்கும் ரிலீவர் உண்டு. சுகர் இருக்கிறவன் தன் பெயர் ஒட்டிய ட்யூபுக்குச் சுகர் இல்லாதவனைக் கை நீட்டச் சொல்வான். இதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. சத்தியமாக நானும் நினைத்ததில்லை.

எனக்கு ஆறு வருஷமாகச் சுகர். வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குத் தெரியும், அவள் தம்பிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில்தான் போலந்து வந்தது. அங்கே எங்கள் கம்பெனி புதிதாகப் போடும் லைனில் ஆட்களைப் பழக்குவதற்கு ஒன்றரை வருஷம் போய் இருக்கச் சொன்னார்கள். டிக்கெட்டும் அறையும் அவர்கள் பொறுப்பு. இன்சூரன்ஸை மட்டும் நீங்களே பார்த்து எடுங்கள், பணத்தைப் பிறகு தந்துவிடுகிறோம் என்றார்கள். இன்சூரன்ஸ் காகிதம் இல்லாமல் விசா கிடையாது. லிஸ்டில் எனக்கு அடுத்த பெயர்க்காரன் தினமும் என்னைப் பார்த்து, "உடம்பு நல்லாக்கீதாண்ணா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் அக்கறையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாலாஜாபாத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருந்தார். மூன்று திட்டங்களை மேஜைமேல் பரப்பினார். ஒன்று ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், சும்மா டாக்டரைப் பார்த்தால் கிடையாது. மூன்றாவதில் எல்லாம் உண்டு. "பாடியை ஊருக்குக் கொண்டாந்து குடுக்கறதும் இதுல கவர் ஆவுது சார்" என்று, மிக்ஸியோடு ஒரு ஜார் இலவசம் என்பதுபோலச் சொன்னார். வேலைக்குப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா இது. ஆனாலும் மூன்றாவதையே எடுத்தேன்.

"சுகர் இருந்தா என்ன சார்?" என்று கேட்டேன், யாருக்கோ கேட்பதுபோல.

"ஃபாரத்துல இருக்குன்னு எழுதினா இந்த பிளான் கெடைக்கறது கஷ்டம். வேற பிளான் பாக்கலாம், டைம் ஆவும். எழுதாம விட்டா அங்க போய் படுத்தாலும் ஒண்ணும் வராது. ரத்தம் எடுக்க வூட்டுக்கே ஆள் வருவாங்க, அதுல எல்லாம் தெரிஞ்சிடும்."

மனிதர் நேர்மையாகத்தான் சொன்னார். டைம் ஆகும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'உங்களுக்குச் சர்க்கரை நோய் உள்ளதா' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று டிக் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்குப் பழக்கம்தானே.

கம்பெனி செக்கப்பில் எனக்கு நின்றவன் வேலையை விட்டுப் போயிருந்தான். என் கண்ணுக்குத் தெரிந்தவன் மச்சான்தான், என் மனைவியின் தம்பி. வடக்குப்பட்டில் எங்கள் பக்கத்து வீடு. முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். என் கம்பெனியிலேயே காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த செக்கப் கிடையாது. குடியில்லை, பீடி இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும். ஒரு வாரம் விடாமல் ஓவர்டைம் பார்த்தால் தலைவலி வரும், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓ.டி. பார்ப்பான். ஊசியையே பார்க்காத உடம்பு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம்.

"மச்சான், ஒரு பத்து நிமிஷம் எனக்கு ரிலீவர் நிக்கிறியா?"

"ரத்தந்தானே மாமா, எடுத்துக்கினு போவட்டும். வரும்போது எனுக்கு ஒரு ஷூ வாங்கியா, அது போதும்."

காலையில் ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. ஆதார் அட்டையை ஒரு தரம் பார்த்தாள், அவனை ஒரு தரம் பார்த்தாள். ஆதாரில் இருக்கிற என் முகம் எனக்கே அடையாளம் தெரியாது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இவன் என் பெயரைச் சொல்லி, என் வயதைச் சொல்லி, கையை நீட்டினான். நான் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும், "இது இன்னா வேலையா?" என்று முறைத்தாள்.

நாலாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்தால் ஏஜென்டிடமிருந்து ஏழு மிஸ்டு கால்.

"சார், உக்காந்துகினு கேளுங்க. பாலிசி ரிஜெக்ட் ஆயிடுச்சி."

"சுகரா?"

"சுகரெல்லாம் நார்மல். கிட்னி சார். கிரியேட்டினின் ரொம்ப ஏறியிருக்குதாம். பாலிசி கெடக்குது, மொதல்ல ஒரு கிட்னி டாக்டரைப் பாருங்க. லேட் பண்ணாதீங்க."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அதுதான். கேன்டீன் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. என் கிட்னி போச்சு, என் பிள்ளை படிப்பு போச்சு என்று ஒரு நிமிஷம் செத்துப் பிழைத்தேன். பிறகுதான் உறைத்தது, அது என் ரத்தமே இல்லை என்று. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆமாம், அப்பாடா என்றுதான். பொய் சொல்ல மாட்டேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அது யார் ரத்தம் என்பதும் உறைத்தது, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவனுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். கேட்டில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்தான். "இன்னா மாமா, பாஸா?" என்றான். ஷிப்டுக்குப் போகாதே என்று அவன் கையைப் பிடித்தேன், பிடித்த கையில் பஞ்சு ஒட்டின இடம் இன்னும் லேசாகக் கன்றியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவே இல்லை. "உன் பேர்ல வந்த ரிப்போர்ட்டு மாமா, உனுக்கா இருக்கும்" என்றான். அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன்.

வீட்டில் என் மனைவி அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். அந்த அப்பாடாவையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கிட்னி கெட்டது உன்னால இல்லய்யா, அது எனுக்குத் தெரியும்" என்றாள். "அந்த அப்பாடாவை மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம்." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போலந்துக்கு அந்த அக்கறைக்காரனே போனான். எனக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை.

காஞ்சிபுரத்தில் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். பிரஷரை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் அதிர்ந்தே போனார். இந்த பிரஷரோடு எப்படிய்யா நடமாடுகிறாய் என்றார். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், இந்தத் தடவை அவன் பெயரிலேயே. முடிவு மாறவில்லை. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருந்தது ஒன்றுதான். வாங்கிப் பார்த்தவர், "பேரும் வயசும் வேற இருக்கே, இது யாரு?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான்.

"நான்தான் சார். ரத்தம் மட்டும் இவனோடது" என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டக்கூட இல்லை. உப்பைக் குறை, தலைவலி மாத்திரையைத் தொடாதே, ஓ.டி. கூடாது, மாதா மாதம் வா என்றார். இப்போதைக்கு மாத்திரையில் பிடித்து வைக்கலாம், பிடிக்காமல் போனால் பின்னால் யாராவது ஒரு கிட்னி தர வேண்டியிருக்கும் என்றார்.

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. என் தொடையில் தட்டி, "அப்ப நீ எனுக்கு ரிலீவர் நில்லு மாமா" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

நான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். "ஆறு வருஷமா."

"அப்போ நீங்க குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.