ஃப்ரீசருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா, மனசோடு வைத்துக்கொள்ளலாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இப்போது தணிகாசலம் அண்ணன் இல்லை. எழுதினால் அவர் மனசு நோகாது. போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் பேக்கரியில் பன் மாவு புளித்த வாசனை வந்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

தாம்பரம் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் நான் அட்டெண்டர். படித்தது எட்டாவது, கழுவியதெல்லாம் டாக்டர் பட்டக்காரர்களின் குடுவைகள். அங்கே மெர்லின் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. பேக்கரியில் போடுகிற அதே ஈஸ்டை உடைத்து அதன் செல்லுக்குள் இருக்கும் ரிபோசோம் ஆர்.என்.ஏ. என்ற பொருளைப் பிரித்தெடுப்பாள். குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரண்டு வரும். எனக்குக் கும்பிடத் தோன்றும். அது சுருண்டு மடிந்து கிடக்குமாம்; எந்தச் சூட்டில் அந்த மடிப்பு பிரிகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. வெறுங்கை பட்டாலே துண்டு துண்டாகிவிடுமாம்.

“அண்ணா, கிளவுஸ்!” என்று கத்துவாள்.

“பச்சைக் குழந்தையைக்கூட இப்படித் தொடாம வளர்க்க முடியாதும்மா” என்பேன்.

அவளுடைய கைடு சார் ரிட்டையர் ஆவதற்குள் அளந்து முடிக்கணும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. பிரித்தெடுத்ததெல்லாம் ஃப்ரீசரில் இருந்தது; குளிர் விட்டால் கெட்டுப்போகும்.

ஆயுத பூஜை வந்தது. எலக்ட்ரீஷியன் தணிகாசலம் அண்ணன் செம்பாக்கத்துக்காரர், பழுத்த முருக பக்தர். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

லீவு முடிந்து வந்தால் ஃப்ரீசருக்கடியில் தண்ணீர். சத்தமே இல்லை. கதவில் பொட்டு மட்டும் அப்படியே.

அண்ணனைக் கேட்டேன். “நான்தான் தம்பி அணைச்சேன். வருஷம் பூரா ஓடிக்கினே கீது, பாவம். பூஜைக்காவது ரெஸ்ட் குடுக்க வேணாமா?” என்று சிரித்தார். பின்னால் மெர்லின் நின்றிருந்தாள்.

அன்றைக்கே சோதித்தாள். ஆர்.என்.ஏ. ஒழுங்காக இருந்தால் சோதனைத் தட்டில் ரெண்டு பட்டை தெளிவாகத் தெரியும். வியர்வையில் கலைந்த விபூதி மாதிரி ஒரே தீற்றல்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் கைடு.

“கிளவுஸ் போடாம தொட்டுட்டேன் சார்.”

வெளியே வந்து என்னிடம், “அண்ணா, தணிகாசலம் அண்ணனுக்கு வேலை இன்னும் பர்மனெண்ட் ஆகல. தெரிஞ்சா தாங்கவும் மாட்டாரு. அவரு இருக்கிற வரைக்கும் சொல்லாதீங்க” என்றாள். கைடு ரிட்டையர் ஆனார். மெர்லின் படிப்பை விட்டுப் போனாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். “இன்னா தம்பி, வழி விடு” என்றார். விட்டுவிட்டேன். உள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

அந்தக் கூடம் இடிபட்டு இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. மெர்லின் எங்கே என்று தெரியாது. அந்தப் பூஜையை முருகன் ஏற்றுக்கொண்டானா என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாற்றாமல். அண்ணனைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அந்தப் பெண் அவருக்காகச் சொன்ன பொய்யையும் விட்டுவிடாதீர்கள்.