மீசைக்காரனுக்குக் கட்டிவைத்த கோதுமை

மாவுக்குக் கியூவில் நின்ற எழுபதுகளில், கண்டிப் பக்கத்துப் பன்விலவுக்கு மேலே தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய ஒரு சரிவில் கோதுமை விளையுமா என்று அரசாங்கம் பரீட்சித்துப் பார்த்தது. அங்கே கூலிக்குச் சேர்ந்தவள் மூக்காயி. கொழுந்து எடுத்த கைதான். ஆனால் மடுல்கெல்ல வரைக்கும் அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் கல்யாணம் பேசி முடிப்பவள். குறட்டை விடும் மாப்பிள்ளையைக்கூட, வீட்டுக்குக் காவல் நாய் தேவையில்லை என்று சொல்லித் தள்ளிவிட்ட கெட்டிக்காரி.

தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து இராமநாதன். கல்யாணமாகாதவர். மூக்காயி பெண் பார்க்கவா என்று கேட்டால், அவர் கோதுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நடுவிலுள்ள வரிசைகள் கலப்பு விதைக்கான தாய்; அவற்றின் பூக்களில் மகரந்தம் ஊறாது. வேறு வரிசையின் தூள் வந்து விழுந்தால்தான் மணி பிடிக்கும். அந்த மணியை விதைத்தால், முளைக்கும் பிள்ளையும் பெரும்பாலும் அதே மலடு. பிள்ளையை மலட்டிலிருந்து மீட்கக்கூடிய ஒரு தகப்பனைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகச் சில இனங்களைத் தெரிந்தெடுத்துப் பக்கத்தில் நட்டிருந்தார்.

தாய் வரிசை மலடுதானா என்று உறுதிசெய்ய, சில கதிர்களுக்குப் பூக்குமுன்பே காகிதப் பை கட்டச் சொன்னார். பைக்குள் ஒரு மணிகூடப் பிடிக்கக் கூடாது. கட்டியவள் மூக்காயி.

சில நாள் கழித்து ஒரு பையைத் திறந்து பார்த்தாள். உமியெல்லாம் விரிந்து, பூக்கள் வாய் திறந்து நின்றன. சுற்றியிருப்பதெல்லாம் குடும்பம் நடத்த, இதுகள் மட்டும் முக்காட்டுக்குள் காத்துக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இராமநாதன் கண்டிக்குப் போயிருந்தார். அவர் தெரிந்தெடுத்த தகப்பன்மார் எல்லாம் மொட்டைக் கதிர்கள். குருவிகளைத் தடுக்க வேலியோரம் நட்ட வரிசைக்கு மட்டும் கதிரில் ஊசி ஊசியாய் நீண்ட மீசை. அதில் ஒரு கைப்பிடிக் கதிரை ஒடித்துவந்து, பை பையாகத் திறந்து உள்ளே உதறிவிட்டுத் திரும்பக் கட்டினாள். கூட நின்ற பாலம்மா ஏன் அந்த வரிசை என்று கேட்டதற்கு, ஆம்பிளை என்றால் மீசை வேண்டாமா என்றாள்.

மணி திரளும் பருவத்தில் இராமநாதன் பைகளைப் பிரித்தார். உள்ளே கொழுத்த மணிகள். மலடே இல்லாத தாயை வைத்து இத்தனை மாதம் என்ன செய்தோம் என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொன்னார். ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கும்போது மூக்காயி குறுக்கே போய் நின்றாள்.

"பிடுங்க வேணாங்கய்யா. நாந்தான் கட்டி வச்சேன்."

"பையைத்தானே? அது எனக்குத் தெரியும்."

"பை இல்லீங்கய்யா. கல்யாணம்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் திட்டினார். அதுவரை யாரையும் திட்டாதவர் என்பதால் வார்த்தை வராமல் திணறினார். கடைசியில், "எந்த வரிசையிலை இருந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அவள் வேலியைக் காட்டினாள்.

கோபத்திலும் அந்த மணிகளை அவர் எறியவில்லை. அடுத்த போகத்தில் மற்றவற்றோடு அவற்றையும் விதைத்தார். அவர் தெரிந்தெடுத்த தகப்பன்மாரின் பிள்ளைகள் திரும்பவும் மலடாக நின்றன. மீசைக்காரனின் பிள்ளைகளைத் தொட்டபோது அவர் சட்டைக் கை முழுக்க மஞ்சள் தூள். பை கட்டிய கதிரிலும் மணி நிறைந்திருந்தது. கதிர் நுனியில் அரும்பு மீசை இருப்பதை மூக்காயிதான் காட்டினாள். வேலியோர இனத்தையும் சோதித்துப் பார்த்ததாக இராமநாதன் மேலிடத்துக்கு அறிவித்தார். யார் சோதித்தது என்று மேலிடம் கேட்கவில்லை.

பிறகு மழையோடு துருநோய் வந்து கோதுமையைத் தின்றது. கப்பலில் மாவும் வந்தது. சரிவு கோவா, லீக்ஸ் என்று மரக்கறிக்குப் போக, இராமநாதன் மாற்றலாகிப் போனார்.

மூக்காயி பழைய தொழிலுக்கே திரும்பினாள். மடுல்கெல்லவில் ஒரு குடும்பம், மருமகள் மலடி, மகனுக்கு இன்னொருத்தி பார் என்று அவளைக் கூப்பிட்டது. முதலில் பையனைக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், கோதுமையிலேயே கோளாறு ஆண் தூளில்தான் இருந்தது என்றாள். மாமியார் விளக்குமாற்றை எடுத்தாள். மூக்காயி வாசலை விட்டு நகரவில்லை. பார்க்க அக்கம்பக்கம் கூடிவிட்டதால், அந்த மானக்கேட்டுக்குப் பயந்து பையன் கண்டிக்குப் போக ஒப்புக்கொண்டான். மருந்து எழுதிக்கொடுத்தது அவனுக்குத்தான்.